ஆடிக்குள்ள வந்துருவோம்

எனக்குக் கடலைப் பிடிக்காது. திருச்செந்தூர்க் கடலைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் சொல்வது ஓமன் நாட்டில் சலாலா என்ற ஊரின் கடல். வெள்ளை வெளேர் என்று மணலும் ஆள் இல்லாத கரையுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அங்கே நின்றுகொண்டுதான் என் அம்மா என்னை ஏமாற்றிக் கூட்டிவந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். அதற்குக் கடல் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லைதான். ஆனாலும் பிடிக்காது.

அப்பா அந்த ஊரில் ஏசி மெக்கானிக்காகப் போய், பிறகு சூப்பர்வைசர் ஆனவர். வருடத்துக்கு ஒருமுறை சங்கரன்கோவிலுக்கு வருவார், பெட்டியைப் பிரிப்பார், போய்விடுவார். நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில் அம்மா சொன்னாள்: “லீவுக்கு அப்பாட்ட போயிட்டு வருவோம். ஆடிக்குள்ள வந்துருவோம்.”

“ஜூன்லயே ஸ்கூல் தொறந்துருமே?”

“டீச்சர்ட்ட சொல்லியாச்சு.”

டீச்சரிடம் சொன்னது உண்மைதான். எதைச் சொன்னாள் என்பதுதான் எனக்குத் தெரியாது.

ஆடிக்குள் வந்தாக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் ஜனங்கள் பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், நாம் சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. பெரியவர்கள் நூற்றியொரு சுற்று, ஐந்நூற்றியொரு சுற்று என்று நேர்ந்துகொள்வார்கள். நானும் என் கூட்டுக்காரியும் அதுவரை பத்து சுற்றுக்குமேல் தாண்டியதில்லை, பாதியில் சுண்டல் வாங்கப் போய்விடுவோம். அந்த வருடம் நூற்றியொன்று முடிப்பது என்று இரண்டு பேரும் நேர்ந்துகொண்டோம்.

அவள் எதிர்வீட்டுக்காரி. அவள் அப்பாவுக்கு விசைத்தறி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவளுக்குப் பேச்சு குறைவு, எனக்கு வாய் நீளம். அதனாலேயே ஒத்துப்போனது.

சுற்றுக் கணக்கு தப்பாமலிருக்கப் புளியமுத்து வேண்டும் என்றாள். பரீட்சை முடிந்த அன்று அவள் வீட்டு நடையில் உட்கார்ந்து, அவள் அம்மா புளி தட்டிப் போட்டிருந்த கொட்டைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினோம். நூற்றியொன்று சேர்ந்ததும் ஒரு சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள். ஒரு சுற்றுக்கு ஒரு முத்தைக் கை மாற்ற வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே பை, அது அவளிடம் இருக்கும் என்று பேச்சு.

கிளம்பும் நாள் நெருங்கியபோது வீட்டில் நடந்ததையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே என் புத்தியை நினைத்து ஆச்சரியமாக இருக்கிறது. லீவுக்குப் போகிறவர்கள் மிக்ஸியை எடுத்துப் போவார்களா? இட்லிக் கொப்பரையைச் சேலையில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்களா? கேட்டதற்கு, “அப்பாவுக்கு வச்சிட்டு வந்துருவோம்” என்றாள் அம்மா. என் சைக்கிளை அத்தை மகளுக்குக் கொடுத்தாள். “ஓட்டாமப் போட்டா டயர் கெட்டுப்போகும்லா” என்றாள். காதில் பூச்சுற்றுவது என்பார்களே, எனக்குச் சுற்றியது ஒரு கூடைப் பூ. நான் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

திருவனந்தபுரம் போகக் கார் வந்து நின்றபோது கூட்டுக்காரி ஓடி வந்தாள். புளியமுத்துப் பையை என் கையில் திணித்தாள்.

“நீயே வச்சுக்க. தொலைச்சிராத.”

“ஏட்டி, உங்கிட்டதான இருக்கணும்னு பேச்சு?”

“இருக்கட்டும். எங்க வீட்டுல எலி இருக்கு.”

எலி புளியமுத்தைத் தின்னுமா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. விமானத்தைப் பற்றித்தான் யோசனை. அவள் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “வரும்போது எனக்கு மினுமினுன்னு ஒரு நெயில் பாலிஷ் வாங்கிட்டு வா” என்றாள். வாங்கி வருகிறேன் என்றேன். கார் கடையநல்லூர் தாண்டும்வரை அந்த நெயில் பாலிஷ் என்ன கலரில் வாங்குவது என்றே தம்பியிடம் பேசிக்கொண்டு போனேன். அவனுக்கு ஐந்து வயது, எல்லாவற்றுக்கும் சிவப்பு என்றான்.

சலாலாவில் போய் இறங்கிய இரண்டொரு நாளில் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு அன்று விடுமுறை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், “வாங்க, ஏரியாவச் சுத்திக் காட்டுதேன்” என்று நாலு பேருமாகக் கிளம்பினோம். எங்கள் வீடு ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது, அங்கிருந்து நடந்தால் கடல். தெருவில் போனால் வீட்டுக்கு வீடு சாம்பிராணி வாசனை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னைக்கு எல்லா வீட்டுலயும் விசேஷமா?” என்று கேட்டாள். சாம்பிராணி அந்த ஊரிலேயே விளைகிறது, அவர்கள் தினமும் போடுவார்கள் என்றார் அப்பா. ரோட்டோரம் வரிசையாக ஓலைக் கொட்டகைகள், கொட்டகை நிறைய இளநீரும் வாழைக்குலையும். அம்மா சிரித்துவிட்டாள்.

“இதப் பாக்கவா கடல் தாண்டி வந்தோம்?”

அப்பாவுக்கு அன்று அப்படியொரு சந்தோஷம். இத்தனை வருடம் தனியாக நடந்த தெருவில் பெண்டாட்டி பிள்ளையோடு நடக்கிறார். மலையாளி டீக்கடைக்காரரிடம் எங்களை நிறுத்திக் காட்டினார். முடிவெட்டும் கடையைக் காட்டினார், மீன் வாங்கும் இடத்தைக் காட்டினார். ஒரு ஒட்டகம் ரோட்டைத் தாண்டும்வரை கார்கள் எல்லாம் காத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தம்பி கையைத் தட்டினான். எனக்கும் சந்தோஷம்தான். கூட்டுக்காரியிடம் சொல்வதற்கு ஒவ்வொன்றாக மனசுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

வழியில் ஒரு ஃபேன்சி கடை. நெயில் பாலிஷ் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன். எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதாவில் வெள்ளி மினுக்கு ஓடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். “இது அவளுக்குப் பிடிக்கும்லாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டேன். “பிடிக்கும்” என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கடற்கரைக்கு வந்தோம். தம்பி பஜ்ஜிக் கடை எங்கே என்று தேடினான். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா கரையை ஒட்டிய ரோட்டு முக்கைக் காட்டி, இளநீர்க் கடையைக் காட்டிய அதே குரலில் சொன்னார்:

“காலைல இங்கன வந்து நிக்கணும் மக்கா. ஸ்கூல் பஸ் இந்த முக்குலதான் வரும்.”

“யாருக்கு?”

“ஒனக்குத்தான். எட்டாம் கிளாஸ்ல எடம் சொல்லி வச்சிருக்குல்லா. தம்பிக்கும் அங்கனயேதான்.”

நான் சிரித்தேன், விளையாடுகிறார் என்று. அவர் சிரிக்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல்முறையாகப் பார்க்கிறவளைப் போல.

“நீ இன்னும் சொல்லலயா?” என்றார் அப்பா.

“வந்த பொறவு நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்” என்றாள் அம்மா.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது எனக்கு. கத்தினேன். நான் அங்கே கத்தியதில் தூரத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா என்னைத் தூக்கப் பார்த்தார், கையைத் தட்டிவிட்டேன். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவருக்கு நடந்தது தெரியாது. அம்மா கிட்டே வந்து மெல்லச் சொன்னாள்.

“சொன்னா நீ வந்திருப்பியா? தெருவுல விழுந்து உருண்டிருப்ப. ஊரே வேடிக்க பாத்திருக்கும்.”

இங்கே வேடிக்கை பார்க்கிறவர்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. எனக்குப் பெரிய கவலை வேறு. எதிர்வீட்டில் ஒருத்தி ஆடி வரும், நான் வருவேன் என்று இருப்பாளே. கொடியேறியதும் வாசலில் வந்து நின்று பார்ப்பாளே. என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவாளே. அம்மா எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ததாக ஆகிவிடும் என்று தோன்றிவிட்டது. அந்த நாட்டில் அப்போது வாட்ஸப்பில் நேரடியாகப் பேச முடியாது, குரலைப் பதிந்து அனுப்பலாம். அப்பாவின் போனை வாங்கி, அவள் அம்மாவின் நம்பருக்கு அழுதுகொண்டே பேசி அனுப்பினேன். “ஏட்டி, நான் உன்ன ஏமாத்தல. என்னத்தான் ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நான் ஆடிக்கு வரமாட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி.”

மறுநாள் பதில் வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது.

“அழாத. நீ வரமாட்டன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா மொதல்லயே எங்கம்மாட்ட சொல்லிட்டாங்க. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு கோயில்ல வச்சு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அதான் முத்த உங்கிட்ட தந்தேன். நல்லாப் படி.”

நான் அதைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அவளுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை, அவளும் சில தடவை பேசி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அம்மாவை மன்னித்துவிட்டேனா என்று யாராவது கேட்டால் மன்னித்தாயிற்று என்பேன். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பதும் அந்த வயதில் ஓரளவு தெரிந்த விஷயம்தான். என் பெஞ்சில் உட்கார்ந்தவள், என் முகத்தைப் பார்த்து, வரும்போது நெயில் பாலிஷ் வாங்கி வா என்று சொன்னதைத்தான் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

வருடங்கள் கழித்து அப்பா வேலையை முடித்துக்கொள்ள, எல்லோரும் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டோம். போன ஆடியில் கொடியேற்றத்தன்று கோயில் வாசலில் அவளைப் பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“எங்கட்டி என் நெயில் பாலிஷ்?”

“காஞ்சு போச்சு.”

“இன்னும் கோவமாத்தான் இருக்கியா?”

“ஆமா. எப்பம் தெரியும் ஒனக்கு?”

குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். “பங்குனியிலயே.”

நாங்கள் புளியமுத்து பொறுக்கியது சித்திரையில். அப்படியானால் அவள் வீட்டு நடையில், இரண்டு பேருக்கும் ஒரே பை என்று நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் எல்லாம் தெரிந்துதான் எதிரே உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள்.

“ஒனக்குன்னுதான் எண்ணுனேன்” என்றாள். “சத்தியம் பண்ணிட்டேன்லா. அதுவும் அம்மன் முன்னால. சொன்னா நீ அழுவன்னு சொன்னாங்க.”

“அழுதிருப்பேன். அவ்வளவுதான?”

அவள் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அழும்போது நீ பக்கத்துல இருந்திருப்பல்லா” என்றேன்.

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். உள்ளே சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள், கூட்டம் எங்களை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனது.