ஹியூபேட்டின் சனிக்கிழமை டாங்கோ

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுகூட ஹியூபேட்டின் வலது கை சும்மா இருப்பதில்லை. எதிரே ஏதாவது வாகனம் ரிவர்ஸ் எடுத்தால் போதும், விரல்கள் தாமாக மடங்கி அழைக்கும், "வா, வா, வா... ரைட்டுக்கு வெட்டு மல்லி" என்று டிரைவரைத் தம்பியாக்கி வாயும் சேர்ந்துகொள்ளும். கொச்சிக்கடையில் ஒரு சரக்குக் கிடங்கு வாசலில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. கொன்டெய்னர் லொறி பின்பக்கமாக உள்ளே வர வழி சொல்வார். போதும் என்றால் லொறியின் தகரத்தில் இரண்டு தட்டு. இதுவரை ஒரு சுவரும் இடிந்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி மெட்டில்டா சோற்றுப் பானையை இறக்கும்போது கதவடியில் நின்று, "கொஞ்சம் இடப்பக்கம்... ஆ, இப்ப வை" என்பார். ஏழு மாதத்துக்கு முன் அவள் கிருலப்பனையில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்லூரியில் ஆர்ஜென்டீன டாங்கோ நடனம் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டு, ஹியூபேட்டும் போய்ப் பெயர் கொடுத்தார். "வீட்டுக்கு வா" என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் ஆண் முன்னோக்கி நடக்கிறான், பெண் பின்னோக்கி. பாட்டு மாறினால் சோடியும் மாறும். கை காட்டக் கூடாது. வாய் திறக்கக் கூடாது.

"நெஞ்சால சொல்லுங்க அங்கிள், அவங்களுக்கு விளங்கும்" என்றான் பழக்கும் மெல்ரோய்.

ஹியூபேட்டின் நெஞ்சு எதையும் சொல்லிப் பழகியதில்லை. முதல் நாளே, சுவர் நெருங்கியதும், கல்லூரி மாணவி வித்யாலட்சுமியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

"அங்கிள், நான் கொன்டெய்னர் இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். மெட்டில்டா மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய முறை வரும்போதெல்லாம் அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். அவர் கிடங்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், காலி அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்து நடந்து பழகினார். "ஹியூபேட் அய்யேக்கு இந்த வயசில லவ்வு" என்று அண்ணனைக் கேலி செய்து டிரைவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

ஆறாவது சனிக்கிழமை மழை. ஆட்கள் குறைவு. தப்ப வழியில்லாமல் அவள் வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

அன்று ஒரு அடிகூடப் பிசகவில்லை. மூலையில் திரும்புவதும் சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் மெட்டில்டா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பாதிப் பாட்டு வரை பொறுத்தார்.

"பின்னால ஒண்டுமில்ல, மெட்டில்டா."

"அதையும் நீங்கதான் சொல்லோணும்."

கேட்க வந்ததை விட்டுவிட்டு அடுத்த அடியை எடுத்து வைத்தார். பாட்டு முடிந்தது. மெல்ரோய் கை தட்ட, அவள் அடுத்தவரிடம் நகர்ந்தாள். அவர் ராமையா, ஒரு வங்கிக்காரர். வகுப்பில் எல்லோருடைய காலையும் மிதிப்பவர். அவர் தோளில் கையை வைத்தாள். பாட்டு தொடங்குமுன்பே கண்களை மூடிக்கொண்டாள்.