தங்கபுஷ்பத்துக்குத் தெரியாத எண்

முகம்மது ஆசிக் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய தேக்குப் பலகைகளைப் பார்த்ததும் தங்கபுஷ்பத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினாறு வருஷத்தில் அவள் இழைத்துக் கொடுத்த மரம் ஒன்றுகூட வாசல் தாண்டித் திரும்பி வந்ததில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரம் பக்கம் அவர்களுடைய மரப்பட்டறை. புருஷன் அருமைநாயகம் செங்கோட்டை, புனலூர் என்று அலைந்து மரம் பிடித்து வருவார். இழைப்பு மிஷின் தங்கபுஷ்பம் வசம். தொடங்கிய காலத்தில் சம்பளத்துக்கு வைத்த ஆள் இரண்டே மாதத்தில் சொல்லாமல் போய்விட, "நீங்க போய் ஆள் தேடி வாரதுக்குள்ள நானே ஓட்டிருவேன்" என்று சொல்லிச் சேலையைச் செருகிக்கொண்டு நின்றவள்தான். இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சுற்றுவட்டார ஆசாரிமார் எல்லோருக்கும் அவள் புஷ்பத்தக்கா.

மிஷினின் பக்கவாட்டில் ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் பலகை வைக்கும் மேடை ஏறும், இறங்கும். மேடையோடு சேர்ந்து நகரும் ஒரு முள், மிஷினின் உடம்பில் பதித்த ஸ்கேலில் கனத்தைக் காட்டும். முள்ளைப் பார்த்து நிறுத்திவிட்டு மரத்தைத் தள்ளினால் கேட்ட கனத்தில் வெளியே வரும். ஆசாரிகள் நூல் கணக்கில், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில், கேட்பார்கள். கால் நூல் கூடினாலும் குறைந்தாலும் உளியால் தட்டிச் சரிசெய்துகொள்வார்கள். ஆசிக் அப்படி இல்லை. ஒன்பது வருஷம் சார்ஜாவில் கதவு செய்யும் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். குற்றாலத்தில் புதிதாகக் கட்டும் ஒரு விடுதிக்கு நாற்பது கதவு எடுத்திருந்தான். சட்டமெல்லாம் மிஷினில் வெட்டியது. அதில் பலகை சரியாக முப்பத்திரண்டு மில்லி உட்கார வேண்டும்.

"முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுதான் இருக்குக்கா. சட்டத்துல லொடலொடங்குது" என்றான் ஆசிக்.

"ஒன் அளவுகோலைப் பாரு தம்பி. முள்ளு முப்பத்திரண்டுல நின்னாத்தான் நான் மரத்தையே தள்ளுவேன்."

அவன் கனம் அளக்கும் வெர்னியர் கருவியைப் பலகையில் கவ்விக் காட்டினான். எட்டுப் பலகைக்கும் அதே அளவு. தங்கபுஷ்பம் எட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சமாதானமாகப் பேசினான்.

"பழைய ஸ்கேல்தானக்கா, தேஞ்சிருக்கும். எங்கிட்ட டிஜிட்டல் ஸ்கேல் ஒண்ணு சும்மா கெடக்கு. மாட்டி விடுதேன். நம்பரைப் பாத்து நிறுத்தினா போதும்."

மறுநாள் காலையில் வந்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சாண் நீள எஃகுப் பட்டையை மிஷினின் உடம்பில் திருகினான். அதில் ஓடும் சிறு பெட்டியை மேடையோடு பிணைத்தான். பெட்டியிலிருந்து வயர் இழுத்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு திரையை வலது மூலையில், சீவல் பறக்காமல் தடுக்கும் தகரக் கூண்டுக்குப் பின்னால் ஒட்டினான். ஒரு கட்டையை இழைத்து, வெர்னியரில் அளந்து, அந்த அளவைத் திரையில் ஏற்றினான். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"இப்போ நீங்க எப்பவும் போல முள்ளைப் பாத்து முப்பத்திரண்டுல நிறுத்துங்கக்கா. திரை என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

தங்கபுஷ்பம் தன் இடத்தில் நின்றாள். கழுத்தை இடது பக்கமாக எக்கி, கூண்டுக்கு மேலாகக் குனிந்து, சக்கரத்தை நிறுத்தினாள். திரையில் முப்பத்தொன்று புள்ளி இரண்டு. ஆசிக் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தான். முள்ளும் முப்பத்தொன்றை ஒட்டித்தான் நின்றது.

"ஸ்கேல் சரியாத்தான் இருக்கு. நீங்க மேல இருந்து பாக்கீய, அதான் மாறித் தெரியுது. ஏன் அப்படி எக்குதீங்க? நேரா நின்னு திரையைப் பாருங்க."

அவள் நேராக நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அணைஞ்சு போச்சு போல தம்பி. ஒண்ணும் தெரியல."

"எரியுதேக்கா."

அவள் அரை அடி வலப்புறம் நகர்ந்தாள். எண் பளிச்சென்று வந்தது. திரும்ப இடத்துக்கு வந்தாள். எண் இல்லை. வயரில் கோளாறு என்றாள். ஆசிக் அவள் நின்ற இடத்தில் தானே நின்று பார்த்தான். திரை தெரிந்தது. ஒரு கண்ணை மூடினான், பிறகு மற்றதை மூடினான். அங்கே நின்றால் இடது கண்ணைத் தகரக் கூண்டு மறைக்கிறது. வலது கண்ணுக்கு மட்டும்தான் திரை தெரியும். அவன் மிஷினின் சுவிட்சை அணைத்தான்.

"அக்கா, இடது கண்ணைக் கையால மூடுங்க."

மூடினாள். பட்டறை போய்விட்டது. இருட்டுகூட வரவில்லை. சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல ஒன்றுமில்லாமல் இருந்தது. மூக்குப் பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் அசைந்தது. எதிரே நிற்கிற ஆசிக்கைக் காணவில்லை. கையை எடுத்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். மறுபடி மூடினாள். அவன் இல்லை. இப்படி ஐந்தாறு முறை செய்துவிட்டாள்.

"இது எப்போ போச்சு?" என்றாள் அவனிடம், அவனுக்குத் தெரியும் என்பதைப் போல.

வெளியே மரம் அடுக்கிக்கொண்டிருந்த அருமைநாயகத்தை ஆசிக் கூட்டிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த டேப்பைக் கீழே போட்டார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே இப்பத்தான தெரியுது."

அவர் மிஷினைப் பார்த்தார், அவளுடைய பத்து விரல்களையும் பார்த்தார். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும் பிளேடு அது. "நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தது. போன வருஷத்திலிருந்து வலது தோளில் எப்போதும் எதிலாவது இடித்துக் கன்னிப்போன காயம். சர்ச்சில் வலப்புறம் நின்று ஸ்தோத்திரம் என்று வணக்கம் சொன்ன பக்கத்து வீட்டு எப்சிபாவைப் பார்க்காமல் போனதற்கு அவள் மூன்று மாதம் இவளிடம் பேசாமல் இருந்தது. டம்ளருக்கு வெளியே ஊற்றிய காப்பி. எல்லாவற்றுக்கும் அசதி என்று பெயர் வைத்திருந்தாள். இடது கண் சத்தமில்லாமல் இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கழுத்து தானாக எக்கப் பழகியிருக்கிறது. தன் உடம்பே தன்னிடம் சொல்லாமல் இவ்வளவு செய்ததா என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் அன்று முழுதும் சோதித்தார்கள். டாக்டரம்மா சின்ன வயது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிட்டது என்றார். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும் என்றார்.

"ஆபரேஷன் பண்ணினா எப்போ திரும்பித் தெரியும்?"

"போனது வராதும்மா."

தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். அந்த வார்த்தை காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"இடது கண்ணுலயும் அழுத்தம் இருக்கு. ஆனா நரம்பு பெரும்பாலும் நல்லா இருக்கு. சொட்டு மருந்து ஒரு நாள் விடாமப் போட்டா காப்பாத்திடலாம். வீட்டுல வேற யாருக்கும் பார்வை போயிருக்கா?"

"அம்மாவுக்குக் கடைசி ஆறு வருஷம் கண்ணு தெரியல. வயசுன்னு விட்டுட்டோம்."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல டெம்போ ஓட்டுதான். காய்கறி ஏத்திக்கிட்டு ஆரியங்காவு வழியா கொல்லத்துக்குப் போவான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போகவில்லை. பாவூர்சத்திரத்தில் இறங்கினாள். மார்க்கெட் வாசலில் முருங்கைக்காய் ஏறிக்கொண்டிருந்தது. பெலிக்ஸ் வண்டியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே பெலிக்ஸு, எறங்கு. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு அந்த லாரி நம்பரைப் படி."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். படித்தான். மறுகண்ணைப் பொத்தியும் படித்தான், ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"போதுமாக்கா? நல்லாத்தான் தெரியுது."

"போன மாசம் எங்கிட்ட கேட்டிருந்தா நானும் அதைத்தாம்லே சொல்லியிருப்பேன்."

அவள் தனக்கு வந்ததைச் சொன்னாள். தன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, "இப்போ நீ எங்கன நிக்கேன்னு எனக்குத் தெரியாதுடா" என்றாள். பெலிக்ஸின் சிரிப்பு நின்றது. அன்றைய லோடை இன்னொருவனிடம் ஒப்படைத்தான்.

மறுநாள் சோதித்தபோது அவனுக்கும் இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. இடது கண்ணின் ஓரத்தில் சிறு சேதம் தொடங்கியிருந்தது. இப்போதே தெரிந்ததால் மருந்தில் நிறுத்திவிடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் சொன்னான்.

"ஆரியங்காவு வளைவுல ஒரு பைக்குக்காரன் எடது பக்கத்துல இருந்து திடுக்குனு வந்தான்க்கா. வானத்துல இருந்து குதிச்ச மாதிரி. பொண்டாட்டியும் கைப்பிள்ளையும் பின்னால. எறங்கி அவனைத்தான் கண்டபடி ஏசினேன்."

பஸ்ஸில் அவள் அவனுடைய கையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

ஆறு வாரம் அவள் மிஷின் பக்கம் போகவில்லை. ஆசிக்கின் கதவு வேலையும் நின்று கிடந்தது. அருமைநாயகம் மிஷினை விற்றுவிடுவதாகச் சொன்னார். "வித்துட்டு என்னை எங்கன கொண்டு வைக்கப் போறீய?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். மரம் தள்ளுவது அவர், கனம் நிறுத்துவது அவள். ஆசிக் வந்து திரையைக் கழற்றி இடது பக்கம், அவளுடைய கண் உயரத்துக்கு மாற்றி ஒட்டினான். முதல் நாள் பலகைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். அவள் கையமர்த்தினாள்.

"நீ பலகையைத் திருப்பிக் கொண்டுவரலேன்னா என்ன ஆயிருப்பேன் தம்பி."

அன்று சக்கரத்தைச் சுற்றினாள். எண்கள் இறங்கின. முப்பத்திரண்டு புள்ளி பூஜ்யத்தில் நிறுத்தினாள். பலகை போய்வந்தது. ஆசிக் வெர்னியரைக் கவ்விப் பார்த்து அவளிடம் நீட்டினான். முப்பத்திரண்டு.

தங்கபுஷ்பம் மிஷினை அணைத்துவிட்டு மரச்சீவல் குவியல்மேல் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்கள் முன்னால் அழாதவள், இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு கண்ணிலிருந்தும் ஒரே மாதிரித்தான் தண்ணீர் வந்தது. அருமைநாயகம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசிக் அடுத்த பலகையை எடுத்து மேடையருகே சாய்த்து வைத்தான். நாற்பது கதவுக்கும் பலகை இன்னும் இழைக்க வேண்டியிருந்தது.