பத்தொன்பதாம் நாள் அடைக்கோழி

கோழிக்கு ரத்தம் பார்க்கிறேன் என்று எங்கள் தெருவுக்கு வந்த அந்தக் கால்நடை டாக்டரை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளைக்காரன் காலம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தறிக்காரர்கள் தெரு. முந்தின கோடையில் வந்த வெள்ளைக்கழிச்சல் நோயில் பாதிக் கோழிகள் செத்தன. என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு கருப்புக்கோழி. அதைத்தான் பதினோரு முட்டையில் அடைவைத்திருந்தேன். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்கக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டுப் பத்தொன்பது நாள் காத்தாயிற்று. இன்னும் இரண்டு நாளில் குஞ்சு.

அந்த நோய் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் வந்தது நல்ல வெயிலில். கூட இரண்டு சேவகர்கள். மேய்கிற கோழியைத் துரத்திப் பிடிக்க வேலியெல்லாம் ஏறி விழுந்தார்கள்.

"சாமி, கோழி புடிக்கோணும்னா விடியறதுக்கு முன்னால வாங்க. கூடைக்குள்ள கைய உட்டாச் சிக்கிக்கும். அடைக்கோழிய மட்டும் உட்டுடுங்க, ரெண்டே நாளுங்க" என்றேன்.

"வீட்டில் ஆம்பளை இல்லையா?" என்றார் டாக்டர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்தே, "புடிச்சுக்கோங்க சாமி, நம்மூட்டுக் கோழிதானுங்க" என்றார். ஒரு நாள் ஒரு பிடி கம்பு இறைத்திருப்பாரா? தெருவில் கோழியெல்லாம் பெண்களுடையது என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தறியில் கிடந்த பாவு நூலை அறுத்தெறிந்திருப்பேன்.

சேவகன் ஒருவன் அடையிலிருந்த கருப்பியை ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். இறக்கைக்கு அடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதோடு விட்டார்களா? பிடித்த கோழியையே மறுபடி பிடித்துவிடக் கூடாதாம். தெரு முழுக்க முடியும்வரை கால்களைக் கட்டிப் புளியமரத்தடியில் போட்டார்கள். மார்கழிக் காற்று. முட்டைகளைப் பழந்துணியில் சுற்றி அடுப்போரம் வைத்தேன். எவ்வளவு சூடு போதும் என்று எனக்கென்ன தெரியும், அது கோழிக்கல்லவா தெரியும்! கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். உத்தியோகம் மிதித்தால் சாகும்.

பொழுது சாய்ந்தபின் அவிழ்த்துவிட்டார்கள். கருப்பி நொண்டிக்கொண்டே ஓடிவந்து கூடையில் ஏறி உட்கார்ந்தாள். இருபத்தோராம் நாள் போயிற்று. இருபத்தைந்தாம் நாளும் கருப்பி எழவில்லை. நானே உடைத்துப் பார்த்தேன். பதினொன்றிலும் மயிர் முளைத்த குஞ்சு, அசைவில்லாமல்.

அடுத்த மாதம் டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்து என் வீட்டுக்காரரிடம் சிரித்தபடி கொடுத்தார். "உம்ம கோழிக்கு ஒரு நோயும் இல்லை."

இவரும் பல்லைக் காட்டினார். நான் வாசலுக்கு வந்தேன்.

"நோவு இல்லீன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. செத்த பதினோரு குஞ்சுக்கு என்ன நோவுன்னு அந்தக் காயிதத்துல எழுதியிருக்குதுங்களா?"