முன் இருக்கையில் எஸ்தர் அக்கா

காலை எட்டரை மணிக்குக் மதுரையிலிருந்து கடல் தாண்டி வந்து குருபோங்கில் நான் தங்கியிருந்த நண்பர் வீட்டு வாசலுக்குக் கார் வந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா தம் மகனின் நினைவு ஆராதனைக்கு எங்களை அழைத்திருந்தார். நண்பருக்குக் காய்ச்சல், நான் மட்டும் கிளம்பினேன். தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன தேவாலயம். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும் என்றார்கள். அக்கா முன் இருக்கையில் ஏறினார், நான் பின்னால்.

ஓட்டுநர் செல்வத்துக்கு நாற்பது வயதிருக்கும். ஊர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மதுரைப் போக்குவரத்தில் வளர்ந்த எனக்குப் பொறுமை போய்விட்டது. இப்படிப் போனால் ஆராதனை முடிந்துவிடுமே என்று கேலி செய்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அவன் அப்படித்தான் ஓட்டுவான் தம்பி. என் மவன் மோட்டார் சைக்கிள்ல போனப்ப லாரியால மோதுனது இவன்தான்."

மீதியையும் அக்காவே சொன்னார். லாரி ஓட்டும்போது தூங்கிவிட்டாராம் செல்வம். சிறைக்குப் போய் வந்து, இந்தப் பழைய காரை வாடகைக்கு ஓட்டத் தொடங்கியபோது யாரும் ஏறவில்லை. முதலில் ஏறியவர் அக்கா. உங்களால் எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"எனக்குக் கிருபை கெடச்சப்ப ஆண்டவர் தகுதி பாத்தா குடுத்தாரு?" என்றார். செல்வம் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்பதே காலுக்குச் சேர்ந்தோம். ஞாயிறுதோறும் அக்காவை அழைத்துவரும்போது போலவே செல்வம் காரிலேயே இருந்துகொண்டார். இன்று உள்ளே வந்து மகன் பேரில் போடும் சோற்றைச் சாப்பிட வேண்டும் என்றார் அக்கா. அவரோ தலையை ஆட்டி மறுத்தார். அக்காவின் கணவர் சாமுவேல் உள்ளே இருந்தார். வழக்கு முடிந்த நாளிலிருந்து அவர் செல்வத்தின் முகத்தைப் பார்த்ததில்லை.

"அப்ப நானும் உள்ள போவல லா," என்று அக்கா வெயிலில் நின்றுவிட்டார். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. மகனுக்கான பாட்டு. அக்காவின் ரவிக்கை வேர்வையில் நனைந்த பிறகுதான் செல்வம் இறங்கினார். குடும்பத்தார் முன்வரிசையில் இருக்க, அக்கா அவரோடு கடைசி வரிசையில் அமர்ந்தார்.

பின்கொட்டகையில் விருந்து. இறந்தவரின் தகப்பனே பரிமாறுவது அந்தச் சபையின் வழக்கம். சாமுவேல் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். செல்வம் எழுந்து நின்றார்.

"என்னால இன்னும் முடியல. பொய் சொல்ல மாட்டேன்," என்றார் சாமுவேல். "ஜெபிச்சும் பாத்துட்டேன், முடியல. நீ ஒக்காரு. சாப்பிடு."

அவர் போட்ட சோறு மேசையிலும் சிந்தியது. கோழிக்கறியையும் அவரே அள்ளிப் போட்டார். செல்வம் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு சுற்றுச்சுவர்த் தகராறுக்காக எழவுக்குக்கூடப் போகாத இரண்டு வீடுகள் உண்டு. கோபம் ஆறிய பிறகு வருவதுதான் மன்னிப்பு என்று நானும் நினைத்திருந்தேன். ஆறாத நெஞ்சோடு ஒருவர் சோறு போடுவதை இங்கேதான் கண்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். கார் நகரும் நேரத்தில், தம் மோட்டார் சைக்கிளைத் தேவாலய வாசலிலேயே விட்டுவிட்டு, சாமுவேல் பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெல்லாம் மடியில் இரு கைகளையும் இறுகக் கோத்திருந்தார். மூச்சு விடவும் கூசி, நான் அவர் அருகில் அமர்ந்திருந்தேன்.