மேஜைப் பூவும் கொண்டைப் பூவும்

சாப்பாட்டு மேஜைக்குப் பூ அலங்காரம் செய்கிறவளுக்கு வெயிலால் வருகிற தொல்லையை விட, விருந்துக்கு வருகிறவர்கள் கையால் வருகிற தொல்லைதான் அதிகம். பார்த்துப் பார்த்துச் செய்தது கண்ணெதிரே கலைவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

முதல் கிண்ணம்

எழுபதுகளின் கடைசி. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். சனிக்கிழமைதோறும் கோயில் பீடத்துக்கு நான் பூ வைப்பதைப் பார்த்துத்தான் லூர்து அக்கா கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. மூன்று பெண்கள். பெரியவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பெண்கள் மட்டும் கூடி மணப்பெண்ணுக்கு விருந்து வைக்கிறார்களாம். பிரான்சில் செய்கிற மாதிரி மேஜை நடுவில் பூ இருக்க வேண்டுமாம்.

வாழைமரத்தைத் துண்டு போட்டுக் கிண்ணத்தில் வைத்து, அதில் சம்பங்கியும் மரிக்கொழுந்துமாகக் குத்தி நிறுத்தினேன். ஈரம் காயாது, பூவும் சாயாது. ‘விருந்து முடியும்வரை இது நிற்கட்டும், மாதாவே’ என்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கிண்ணத்தில் மரிக்கொழுந்து மட்டும் நிற்கிறது. சம்பங்கி மொத்தமும் வந்திருந்தவர்களின் கொண்டையில்! லூர்து அக்காவின் நாத்தனார், எல்லோரும் கதிர்காமத்து அத்தை என்று கூப்பிடுகிறவர், என்னைத் தட்டிக்கொடுத்தார்.

“வந்தவங்களுக்குப் பூ வெச்ச, சரி. இப்படியா உதிரியா வெப்ப? குத்தவே வர்ல. அடுத்த தடவ கட்டி வைம்மா!”

ரிக்‌ஷாவில் வந்த வளையம்

இரண்டாவது பெண்ணின் விருந்துக்கு நான் உஷாராகிவிட்டேன். தலையில் யாரும் வைக்காத பூவாகப் பார்த்து வெள்ளை அரளி எடுத்தேன். நடுவில் மெழுகுவத்தி நிற்க வசதியாக வட்டமாகச் செய்து, சுற்றிலும் குரோட்டன்ஸ் இலை செருகினேன். வீட்டிலேயே முடித்து, மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன்.

ரிக்‌ஷாக்காரர் மணியே அடிக்கவில்லை, மெதுவாக மிதித்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது ரிக்‌ஷாக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எத்தினி மணிக்கும்மா எடுக்கறாங்க?”

உயரம் போதவில்லை

அந்த வளையத்தை உள்ளே கொண்டுபோக எனக்கு மனசு வருமா? கொல்லைப் பக்கமே பிரித்துப் போட்டேன். மதில்மேல் காகிதப்பூ மண்டிக் கிடந்தது. அதைக் கொத்துக் கொத்தாக வெட்டி, கிண்ணத்தில் கோபுரம் மாதிரி எழுப்பினேன். இதையும் யாரும் கொண்டையில் வைக்கப் போவதில்லை.

எந்தக் கோயிலில் கல்யாணப் பூசை என்பதில் லூர்து அக்காவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் காலையில்தான் வார்த்தை முற்றியிருந்தது. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் என் காகிதப்பூ. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் சூப் நிம்மதியாக இறங்கியது. கிண்ணம் இந்தத் தடவை தப்பித்தது என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அதற்குள் கதிர்காமத்து அத்தை, “சம்பந்திங்க மூஞ்சிய மூஞ்சி பாக்க வாணாமா?” என்று கிண்ணத்தைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். கட்லெட் முடிவதற்குள் பழைய பேச்சு ஆரம்பித்துவிட்டது. லூர்து அக்கா அடுப்படிக்கு வந்து என்னிடம் பல்லைக் கடித்தார்கள்.

“அவங்களால தூக்க முடியாத மாதிரி செஞ்சிருக்கக் கூடாதாம்மா நீ?”

கடைசிப் பெண்ணின் விருந்து

கடைசிப் பெண் ரொசாலிக்குப் பிரான்சில் இருக்கிற நம்ம ஊர்க் குடும்பத்தில் சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவை வீட்டுக்கு வருகிறார்கள். “அந்தம்மா வந்து பாக்கற வரைக்குமாவது பூ நிக்கணும்,” என்று லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவள் விருந்துக்குச் செய்த மாதிரியே சம்பங்கிக் கிண்ணம் செய்து மேஜையில் வைத்தேன். வாசலில் ஒரு தட்டோடு நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டின மல்லிகை கொடுத்தேன். கொண்டை நிறைந்துவிட்டால் கை ஏன் மேஜைக்குப் போகிறது? போகவில்லை. சம்பந்தியம்மா தாமதமாக வந்தபோது கிண்ணம் அப்படியே நின்றது. “ஆ, மாக்னிஃபிக்!” என்று அவர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். லூர்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

பிறகு அந்தம்மா மற்றவர்களின் தலையைப் பார்த்தார்கள். தன் கட்டை முடியைத் தடவிக்கொண்டு, “எனக்குப் பூ இல்லையா? அங்க யார் எனக்குப் பூ வெச்சு விடுறா?” என்றார்கள். குரல் குழந்தை மாதிரி இருந்தது. என் தட்டில் ஒரு மொட்டுகூட மிச்சமில்லை. லூர்து அக்கா என்னைப் பார்த்தார்கள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். மாதாவே என்று சம்பங்கிகளை நானே பிடுங்கினேன். கதிர்காமத்து அத்தை கிண்ணத்திலிருந்த வாழைமரத் துண்டில் நார் உரித்து, மளமளவென்று சரமாகக் கட்டி, நான்கு கொண்டை ஊசி போட்டு அந்தக் கட்டை முடியில் நிறுத்திவிட்டார். சம்பந்தியம்மா கண்ணாடி முன்னால் போய் நின்றவர்கள், ரொசாலியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அத்தை காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“நாருகூட இதுலயே வெச்சிருக்க. கட்டி வைன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?”

மேஜைக்கென்று நான் எத்தனை அழகாக வைத்தாலும், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது பூவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.