அவள் அட்டையில் என் குண்டுகள்

கல்லூரியில் துப்பாக்கி சுடும் பயிற்சி எடுத்தபோது, என் முதல் போட்டியில் நடந்தது இது. எனக்கு நாலாம் எண் இலக்கு அட்டை. ஐந்தாம் எண் எங்கள் பாகூர்க்காரி வசந்தாவுக்கு. பயிற்சியில் அவளைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு வயிறு எரியும். அன்றும் அவள் அட்டையின் மேலேயே கண்ணாக இருந்தபடி என் ஐந்து குண்டுகளையும் சுட்டு முடித்தேன்.

அட்டைகள் வந்தன. அவளுடையதில் பத்து ஓட்டைகள். என்னுடையதில் ஒன்றுகூட இல்லை.

"இன்னாடி, என் அட்டையிலயே சுட்டுட்டியா?" என்று வசந்தா சிரித்தாள்.

எது யார் சுட்டது என்று பிரிக்க முடியாததால், பத்தில் சிறந்த ஐந்தை அவளுக்கே கணக்கிட்டுக் கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள்!

இப்போது பஸ் ஏறுவதானாலும் எண்ணை இரண்டு முறை பார்க்கிறேன். வசந்தா வீட்டுக்குப் போனால் மட்டும் கண் அந்தக் கோப்பைக்குத்தான் போகிறது. அதில் எத்தனை குண்டு என்னுடையதோ!