வலப்பக்கத்துக் கப்பும் என் வீரமும்

'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பானரை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

உட்துறைமுகப் பக்கம் இருபத்தைந்து வருடமாகச் சைக்கிள் திருத்துகிறேன். அன்று என் முன்னால் இருந்தது லிங்கநகர் குணம் அண்ணையின் ரேசிங் சைக்கிள். கப்பலில் வேலை செய்த காலத்தில் இத்தாலியில் வாங்கியது. ஃபிரேம் செய்தவர் பெரிய விண்ணர். அண்ணையின் கால், கை, முதுகு எல்லாம் அளந்து, ஒவ்வொரு குழாயையும் தன் கையால் பற்றவைத்தவராம். முழுக்கக் கழற்றிப் பூட்டக் கொண்டுவந்து விட்டபோது அண்ணை சொன்னார்:

"தம்பி, மற்றதெல்லாம் மாத்தலாம். ஃபிரேம் கவனம். செய்த மனிசன் செத்துப்போனார், இனி இன்னொண்டு செய்விக்க ஏலாது."

பெடல் அச்சு ஓடும் இடத்தில் இரு பக்கமும் அச்சைத் தாங்கும் 'கப்' என்ற திருகு வளையம் இருக்கும். வலப்பக்கக் கப் லெஃப்ட் திரெட். சாதாரண ஸ்குரூவுக்கு மறுவளமாக, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். நம் ஊரில் ஓடும் இங்கிலிஷ் சைக்கிள்களில் அப்படித்தான். பழகுகிற வயதில் அதை மாற்றிச் சுற்றி வாங்கிய குட்டு இன்னும் உச்சியில் இருக்கிறது. ஆகவே மறுவளமாகவே சுற்றினேன். அசையவில்லை. உப்புக் காற்று, துரு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, ஸ்பானரில் இரண்டடிக் குழாயை மாட்டி அதில் ஏறி நின்றேன். அப்போதுதான் அந்த 'டக்'.

கப்பின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. ஃபிரேம் வெடித்துவிட்டது.

உடனே வீரத்துடன் செயற்பட்டேன். கதவைச் சாத்தினேன். சைக்கிளைப் படுக்கவைத்துப் பெட்சீட்டால் மூடினேன். சம்பூரில் சொந்தக்காரரோடு போயிருந்து தோட்டம் செய்யலாமா என்று யோசித்தேன். மண்வெட்டியில் எது பிடி என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. அண்ணை போன் எடுத்துச் சைக்கிளைக் கேட்டார். காய்ச்சல் என்றேன். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். அந்த அன்புதான் உண்மையில் காய்ச்சலைக் கொண்டுவந்தது.

மறுநாள் காலை, படகு எஞ்சின் பூட்டுகிற கிண்ணியா நஸீர் நானா பஞ்சர் ஒட்ட வந்தார். பெட்சீட்டைப் பார்த்தார்.

"ஆர்ட மையித்து மச்சான் இது?"

பிணம்போலத்தான் கிடந்தது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். வெடித்தது பெயின்ட் மட்டும். இரும்பில் ஒரு கீறலும் இல்லை. கப்பில் அழுக்குக்குக் கீழே 36 என்ற எண் தெரிந்தது.

"இது மில்லிமீட்டர். இங்கிலிஷ் சாமான் இல்ல. எந்த ஊர்ச் சாமான் எண்டு பாக்காம எந்தப் பக்கம் சுத்துற எண்டு எப்படி மச்சான் தெரியும்?"

எண்ணெய் விட்டு, சூடு காட்டி, சாதாரண ஸ்குரூவைப்போல இடப்பக்கம் மெதுவாகச் சுற்றினோம். கப் கழன்று கையில் வந்தது. கழற்றுவதாக நினைத்து, நான் அதை முழுப்பலத்தோடு இறுக்கியிருக்கிறேன்.

ஃபிரேம் தப்பியதே போதும், இனி வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் கொத்தமல்லி விடவில்லை. லிங்கநகருக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் வீட்டுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உதே கப்பை உதே பக்கம் நானும் சுத்தினனான், தம்பி. ஃபிரேமை உடைச்சுப்போட்டன் எண்டு பயந்து, முப்பது வருசம் தொடேல்லை. மனிசிக்கும் சொல்லேல்லை. இப்பதான் துணிஞ்சு கொண்டந்தன், ஆனா உங்களுக்குச் சொல்லவும் வெக்கமாக் கிடந்தது."

அதுதான் கப் அவ்வளவு இறுகிக் கிடந்ததற்குக் காரணம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அண்ணை காலையில் அந்தச் சைக்கிளில் உப்புவெளி வரை போய்வருகிறார்.

நஸீர் நானாவுக்கும், என் பொய்க் காய்ச்சலுக்கு மருந்து சொன்ன அண்ணைக்கும் நான் கடமைப்பட்டவன். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்பானரை எடுக்கமுன் சைக்கிள் எந்த ஊர் என்று பாருங்கள். கடைசியாகக் கை வைத்தது யார், என்ன செய்தார் என்றும் கேளுங்கள். ஆட்கள் வெட்கத்தில் மறைப்பார்கள். அப்போது நான் பெட்சீட் கதையை எடுத்துவிடுவேன். அது முடியமுன்னே அவர்கள் தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.